ஒவ்வொரு வேலைக்கும் ரெஸ்யூமைப் புதிதாக எழுத வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 29. பி.காம். முடித்துவிட்டு 2018 முதல் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். கணவருக்குச் சென்னைக்கு மாற்றல் ஆகிவிட்டதால் நான்கு மாதமாக அங்கே வேலை தேடுகிறேன். எண்பது இடங்களுக்கு மேல் விண்ணப்பித்தும் இரண்டே அழைப்புகள்தான் வந்தன. இப்போது பணம் கொடுத்து ஒரு டெம்ப்ளேட் வாங்கி, அதில் போட்டு அனுப்புகிறேன். ஐ.டி.யில் இருக்கும் என் தம்பி, “எல்லோருக்கும் ஒரே ரெஸ்யூமை அனுப்பினால் எப்படிக் கூப்பிடுவார்கள்? ஒவ்வொரு வேலைக்கும் தனியாக எழுது” என்கிறான். தோழியோ, “பார்க்க நன்றாக இருந்தால் போதும், நூறு இடத்துக்கு அனுப்பு, ஒன்றாவது மாட்டும்” என்கிறாள். எனக்குக் கிடைப்பது குழந்தை தூங்கிய பிறகு ஒரு மணி நேரம்தான். அதுவும் எல்லா நாளும் கிடையாது. மாதத்தில் 11, 20 தேதிகளை ஒட்டி வீடு திரும்பவே எட்டு மணி ஆகிவிடும். துணியை வெளி வேலைக்கு அனுப்பும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளின் சலான் (அனுப்புச் சீட்டு) கணக்கைச் சரிபார்ப்பதிலேயே ஒரு வாரம் ஓடிவிடும். கம்ப்யூட்டரே ரெஸ்யூமைத் தள்ளிவிடும் என்கிறார்களே, உண்மையா? 2021-இல் பிரசவத்துக்காக ஆறு மாதம் வேலைக்குப் போகவில்லை. அந்த இடைவெளிதான் காரணமாக இருக்குமோ? விடுப்பில் இருந்தபோது சம்பளம் வந்தது. என் ரெஸ்யூமை இணைத்திருக்கிறேன்.

— வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தையும் ரெஸ்யூமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். கடிதத்தில் இருக்கும் அக்கவுண்டன்ட் ரெஸ்யூமில் இல்லை. தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது, தோழி சொல்வதிலும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அவர்கள் இருவரும் சொல்வது அடுத்த படி. வேலைக்கு ஏற்றபடி மாற்றுவதற்கு முதலில் தாளில் உங்கள் வேலை இருக்க வேண்டும். இப்போது அங்கே நான்கே வரிகள்தான் இருக்கின்றன: ‘ஹேண்டில்ட் ஆல் அக்கவுண்டிங் ஆக்டிவிட்டீஸ்’, ‘ஜிஎஸ்டி அண்ட் டிடிஎஸ் ஒர்க்ஸ்’, ‘டேலி என்ட்ரி’, ‘கோஆர்டினேட்டிங் வித் ஆடிட்டர்’. ஈரோட்டில் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறவரும் இதையே எழுதலாம், சிமென்ட் ஏஜென்சியில் இருக்கிறவரும் எழுதலாம். ஏழு வருடத்துக்கு மேல் ஏற்றுமதி நிறுவனத்தில் இருந்தவர் என்பதற்கு அந்த நான்கு வரியில் ஒரு அடையாளமும் இல்லை.

ஆனால் கடிதத்தில், நேரமில்லை என்று சொல்ல வந்த இடத்தில், 11, 20 என்று இரண்டு தேதிகளைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கணக்கு தெரிந்தவர்களுக்கு அது போதும். 11-ஆம் தேதி விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி வரி கட்டும் மாதக் கணக்கான 3பி. நடுவில் 14-ஆம் தேதி, சப்ளையர்கள் பதிவு செய்த பில்களின் பட்டியலான 2பி வந்ததும், நூல் வாங்கிய பில், டையிங் பில், பிரிண்டிங் பில் எல்லாம் அதில் ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, ஏறாதவர்களுக்கு போன் போட்டுக் கேட்டிருப்பீர்கள். நிட்டிங், டையிங், காம்பேக்டிங், எம்பிராய்டரி என்று வெளியே போகும் துணி எந்தச் சலானில் போனது, எத்தனை கிலோ திரும்பி வந்தது, எவ்வளவு கழிவு என்று பார்த்திருப்பீர்கள். அந்தக் கணக்குதான் ஜாப் ஒர்க்குக்கான ஜிஎஸ்டி படிவமான ஐடிசி-04 ஆகிறது. ஒரு ஹெச்.ஆர். அதிகாரியோ அக்கவுண்ட்ஸ் மேலாளரோ ரெஸ்யூமில் தேடுவது இதைத்தான். நீங்கள் அதைப் புலம்பலாக எனக்கு எழுதிவிட்டு, அவர்களுக்கு ‘ஆல் அக்கவுண்டிங் ஆக்டிவிட்டீஸ்’ என்று அனுப்பியிருக்கிறீர்கள்.

அதனால் இந்த வாரம் எந்த விண்ணப்பமும் அனுப்ப வேண்டாம். கிடைக்கிற ஒரு மணி நேரத்தில், யாருக்கும் அனுப்பாத ஒரு கோப்பைத் தொடங்குங்கள். மூலக் கோப்பு என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். டிசைன் வேண்டாம், ஆங்கிலம் சரியாக இருக்கிறதா என்ற கவலை வேண்டாம், தமிழிலேயே எழுதினாலும் சரி. 2018-இலிருந்து நீங்கள் கையால் செய்த ஒவ்வொன்றையும் எழுதுங்கள். எத்தனை பக்கம் ஆனாலும் ஆகட்டும்.

என்ன எழுதுவது என்று தோன்றாவிட்டால், தேதியைப் பிடித்துக்கொண்டு மாதத்தை ஓட்டிப் பாருங்கள். 7-ஆம் தேதி டிடிஎஸ் கட்டுவது யார்? ஜாப் ஒர்க் பில்களில் டிடிஎஸ் பிடிப்பது நீங்களா? 15-ஆம் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ. உங்கள் கையிலா, ஹெச்.ஆர். கையிலா? வங்கிக்கு மாதாமாதம் போகும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டைத் தயாரிப்பது யார்? பேக்கிங் கிரெடிட் (ஏற்றுமதிக்கு முன் வங்கி தரும் கடன்) எடுக்கும்போது ஆர்டர் நகலோடு வங்கிக்கு மெயில் அனுப்புவது யார்? ஷிப்பிங் பில் வந்த பிறகு டிராபேக் (திரும்பக் கிடைக்கும் சுங்க வரி) வரவு வந்ததா என்று பார்ப்பது, ஏற்றுமதிக்கான வரி ஈடாகிய ஆர்ஓஎஸ்சிடிஎல் ஸ்கிரிப் கணக்கு, பணம் வந்ததும் அதற்கான சான்றான இபிஆர்சி எடுப்பது, ஜிஎஸ்டி கட்டாமல் ஏற்றுமதி செய்ய உதவும் எல்யூடியை ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதுப்பிப்பது, தேங்கிய உள்ளீட்டு வரியைத் திரும்பக் கேட்டு ஆர்எஃப்டி-01 போடுவது, அதற்கு அதிகாரி குறை சொல்லி நோட்டீஸ் விட்டால் பதில் தயாரிப்பது. இவற்றில் எது நீங்களே செய்தது, எது கூட இருந்து உதவியது, எது பார்த்தது மட்டும் என்று நேர்மையாகப் பிரித்து எழுதுங்கள். மூன்றும் ஒன்றல்ல. நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே அது தெரிந்துவிடும்.

ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு அளவு போடுங்கள். மாதம் எத்தனை ஏற்றுமதி இன்வாய்ஸ், எத்தனை கொள்முதல் பில், எத்தனை ஜாப் ஒர்க் யூனிட், எத்தனை வங்கிக் கணக்கு. உங்களுக்குத் தெரிந்த எண்தான், டேலியைத் திறந்தால் கிடைத்துவிடும். நிறுவனத்தின் மொத்த விற்றுமுதல், வாங்குபவர்களின் பெயர், யாருக்கு என்ன விலை என்பதெல்லாம் மட்டும் வெளியே போகக் கூடாது. அது உங்களுடைய தகவல் இல்லை. ‘ஐரோப்பிய வாடிக்கையாளர்கள்’ என்று சொன்னால் போதும்.

கல்யாணத்துக்கு ஊருக்குப் போகும்போது பீரோவையே தூக்கிக்கொண்டு போகிறோமா? எந்த ஊர், எத்தனை நாள், என்ன சடங்கு என்று பார்த்து நான்கு புடவை எடுத்து வைக்கிறோம். மூலக் கோப்பு பீரோ. நீங்கள் அனுப்பும் ரெஸ்யூம் பெட்டி. தம்பி சொல்லும் ‘ஒவ்வொரு வேலைக்கும் தனியாக’ என்பதன் அர்த்தம் இவ்வளவுதான்: உள்ளதிலிருந்து எடுப்பது. புதிதாக எழுத வேண்டியதில்லை, இல்லாததைச் சேர்க்கவும் கூடாது.

எப்படி எடுப்பது என்பதை உங்கள் விஷயத்தை வைத்தே சொல்கிறேன். உங்கள் அனுபவத்துக்குச் சென்னையில் வரும் வேலைகள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கும்.

முதலாவது, இன்னொரு ஏற்றுமதி நிறுவனம். தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்திலோ, கிண்டி, அம்பத்தூர் பக்கமோ இருக்கலாம். அங்கே உட்கார்ந்து உங்கள் ரெஸ்யூமைப் படிப்பவருக்கு இபிஆர்சி, எல்யூடி, டிராபேக் எதையும் விளக்க வேண்டியதில்லை. சுருக்கப் பெயரிலேயே எழுதுங்கள். முதல் ஐந்து வரியும் ஏற்றுமதி சார்ந்ததாக இருக்கட்டும்: மாதம் இத்தனை ஷிப்மென்ட்டுக்கு ஆவணமும் வங்கி வேலையும், ஆர்எஃப்டி-01 ரீஃபண்ட் தொடக்கம் முதல் பணம் வரும் வரை, பேக்கிங் கிரெடிட் கணக்கு முடிப்பது. உள்ளூர் கணக்கு வேலை எல்லாம் கீழே ஒரே வரியில் போகலாம்.

இரண்டாவது, ஓ.எம்.ஆர். பக்கம் இருக்கும் ஷேர்டு சர்வீஸ் சென்டர்கள். பெரிய நிறுவனங்களின் பில் வரவு, பணம் பட்டுவாடா, மாத முடிவுக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் செய்பவை. இங்கே உங்கள் ஏற்றுமதிச் சொற்கள் பலருக்குப் பிடிபடாது. விளம்பரத்தில் ‘அக்கவுண்ட்ஸ் பேயபிள்’, ‘த்ரீ வே மேட்ச்’, ‘வெண்டர் ரீகன்சிலியேஷன்’ என்றெல்லாம் இருக்கும். த்ரீ வே மேட்ச் என்றால் என்ன? கொள்முதல் ஆர்டர், சரக்கு வந்து சேர்ந்த பதிவு, பில் ஆகிய மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே பணம் விடுவிப்பது. டையிங் பில் வந்ததும் நீங்கள் பிஓவையும் (கொள்முதல் ஆர்டர்) டிசியையும் (டெலிவரி சலான்) இன்வேர்டையும் (வரவுப் பதிவு) எடுத்து வைத்துப் பார்க்கிறீர்களே, அதேதான். வேலை ஒன்று, பெயர்தான் வேறு. அப்படி உண்மையிலேயே ஒன்றாக இருக்கும் இடத்தில் அவர்களுடைய சொல்லைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். மாதம் எத்தனை பில் பார்க்கிறீர்கள், எத்தனை வெண்டருக்கு இருப்பு ஒத்துப் பார்க்கிறீர்கள், மாத முடிவை எத்தனையாம் தேதிக்குள் முடிக்கிறீர்கள் என்பவை மேலே வரட்டும். டிராபேக்கும் ஸ்கிரிப்பும் கீழே ஒரு வரி போதும்.

இந்த இடத்தில் எஸ்.ஏ.பி. (பெரிய நிறுவனங்களின் கணக்கு மென்பொருள்) கேட்பார்கள். உங்களுக்குத் தெரியாது என்றால் எழுதாதீர்கள். ‘பேசிக் நாலெட்ஜ்’ என்று போடுவது எல்லோரும் செய்வது, எடுத்த எடுப்பிலேயே மாட்டிக்கொள்வதும் அங்கேதான். ‘டேலி பிரைமில் தினசரி வேலை’ என்று உள்ளதைச் சொல்லுங்கள். எஸ்.ஏ.பி. கட்டாயம் என்று விளம்பரம் சொன்னால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இருந்தால் நல்லது என்று மட்டும் சொன்னால் தாராளமாக விண்ணப்பியுங்கள்.

மூன்றாவது, அம்பத்தூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் நடுத்தரத் தொழிற்சாலைகள். பனியனுக்கும் பிரேக் பாகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் இந்த விளம்பரங்களைத் தாண்டிப் போயிருப்பீர்கள். எனக்கென்னவோ உங்களுக்கு நல்ல வாய்ப்பு இங்கேதான் என்று தோன்றுகிறது. அவர்களும் மெஷினிங், பிளேட்டிங், ஹீட் ட்ரீட்மென்ட் என்று பொருளை வெளியே ஜாப் ஒர்க்குக்கு அனுப்புகிறார்கள். அவர்களுக்கும் சலான் தலைவலி இருக்கிறது, ஐடிசி-04 இருக்கிறது. சிறு, குறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் போகாவிட்டால் வருமான வரியில் அந்தச் செலவை அந்த ஆண்டே கழிக்க முடியாது என்ற விதி 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் வந்துவிட்டதால், எந்த சப்ளையர் எந்த வகை, யாருக்கு எப்போது கெடு என்று கண்காணிக்க ஆள் தேவைப்படுகிறது. திருப்பூரில் உங்கள் ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்ட சிறு நிறுவனங்களாகத்தான் இருக்கும். அந்தப் பட்டியலை நீங்கள் பராமரித்திருந்தால் அதுதான் முதல் வரி. அடுத்தது சலான் ஒத்திசைவு, அப்புறம் 2பி, வங்கி ஸ்டாக் ஸ்டேட்மென்ட். ஏற்றுமதி இங்கே கொசுறு.

ஆள் ஒருவர்தான், வருடங்களும் அவைதான், வரிசைதான் மூன்று விதம். ஆகவே நீங்கள் எண்பது ரெஸ்யூம் எழுத வேண்டாம். மூன்று எழுதினால் போதும். ஒவ்வொன்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒழுங்காகத் தயாரித்துவிட்டால், பிறகு வரும் விளம்பரம் எந்த வகை என்று பார்த்து அதை எடுத்து, மேலே மட்டும் கை வைக்கலாம். மேலே என்றால்: பெயருக்குக் கீழே இருக்கும் பதவி வரி, மூன்று நான்கு வரிச் சுருக்கம், தற்போதைய வேலையின் முதல் ஐந்து ஆறு வரிகளின் வரிசை, திறன்கள் வரி. இதற்குமேல் நோண்ட வேண்டாம். உங்கள் ஒரு மணி நேரத்தில் இரண்டு விண்ணப்பம் தாராளமாக முடியும்.

அந்த மேல் பகுதிக்கு இவ்வளவு முக்கியத்துவம் தருவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு வேலைக்கு நூற்றுக்கணக்கில் வரும்போது ஆள் எடுக்கும் எங்களைப் போன்றவர்கள் யாரும் முதல் பார்வையில் முழுத் தாளையும் படிப்பதில்லை. தற்போதைய பதவி என்ன, எத்தனை வருடம், நாங்கள் கேட்டது மேலே தென்படுகிறதா என்று கண் ஓடும். தென்பட்டால்தான் மீதியைப் படிப்போம். உங்கள் தாளில் அந்த இடத்தை இப்போது ‘கேரியர் அப்ஜெக்டிவ்’ பிடித்துக்கொண்டிருக்கிறது. சவாலான சூழலில் பணியாற்றி நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் என் வளர்ச்சிக்கும் பாடுபடுவது என்ற அந்த வாக்கியத்தைத் தமிழ்நாட்டில் ஒவ்வொரு பிரவுசிங் சென்டரிலும் சீனியரிடமிருந்து ஜூனியருக்குக் கைமாறிக் கைமாறிப் பார்த்துவிட்டோம். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அப்பா பெயர், மதம், தாய்மொழி, திருமண நிலை, கடைசியில் ‘மேற்கண்டவை உண்மை’ என்ற உறுதிமொழி, கையெழுத்திடக் கோடு, இவை எதுவும் சென்னைத் தனியார் வேலைக்குத் தேவையில்லை. வளைகுடா நாடுகளுக்கு விண்ணப்பித்தால் புகைப்படம், பாஸ்போர்ட், விசா நிலை எல்லாம் எதிர்பார்ப்பார்கள், அது வேறு வழக்கம்.

சரி, டெம்ப்ளேட்டுக்கு வருவோம். நீங்கள் வாங்கியது பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. இடது பக்கம் நீலப் பட்டை, அதில் புகைப்படமும் திறன்களும், வலது பக்கம் அனுபவம். அதைத் திறந்து, முழுவதையும் தேர்வு செய்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தேன். நிறுவனத்தின் பெயருக்கு நடுவில் உங்கள் போன் எண் வந்து நின்றது. மெயில் முகவரிக்கு முன்னால் இருந்த சின்ன உறைப் படம் ஒரு வெற்றுக் கட்டமாக மாறிவிட்டது. ‘டேலி’, ‘எக்ஸெல்’ என்று சொற்கள் மட்டும் அநாதையாக நின்றன, பக்கத்தில் இருந்த பட்டைகளைக் காணோம். ‘அனுபவம்’ என்ற தலைப்பு எல்லாவற்றுக்கும் கடைசியில் தனியாகக் கிடந்தது. விண்ணப்பங்களைச் சேமிக்கும் மென்பொருள்களும் எழுத்துகளை இப்படித்தான் உருவி எடுக்கின்றன. சில இதைவிடச் சாமர்த்தியமாகச் செய்யும், சில இதைவிட மோசம். பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரிக்கும் அமைப்பு, டேபிள், டெக்ஸ்ட் பாக்ஸ், பக்கத்தின் தலைப்பகுதியில் வைத்த போன் எண் ஆகியவைதான் வழக்கமாகச் சிக்கல் தருபவை.

ஆகவே டெம்ப்ளேட் கூடாது என்று சொல்லவில்லை. பக்கத்தைப் பிரிக்காமல் மேலிருந்து கீழே போகும், படம் இல்லாத, சாதாரண எழுத்துருவில் உள்ள டெம்ப்ளேட் எடுங்கள். வேர்டிலேயே இலவசமாக இருக்கிறது. தலைப்புகள், தேதி எழுதும் முறை, இடைவெளி எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும், உங்களுக்கு நேரம் மிச்சம். இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். பிடிஎஃப் ஆக மாற்றிய பிறகு நான் செய்த நோட்பேட் சோதனையை நீங்களும் செய்யுங்கள். ஒழுங்கான வரிசையில் வந்தால் அனுப்பலாம். அப்புறம், டேலி 90 சதவீதம், எக்ஸெல் 80 சதவீதம் என்ற பட்டைகள் எதையும் சொல்வதில்லை. ‘எக்ஸெலில் விலுக்கப், பிவோட் டேபிள் கொண்டு 2பி ஒப்பீடு’ என்று எழுதினால் உங்களுக்கு எக்ஸெல் எவ்வளவு தெரியும் என்பது அந்த ஒரே வரியில் புரிந்துவிடும்.

கம்ப்யூட்டர் தள்ளிவிடுகிறதா என்று கேட்டிருந்தீர்கள். பயப்படுகிற அளவுக்கு இல்லை. இந்த மென்பொருள்களின் முதல் வேலை சேமிப்பது, தேடித் தருவது, வரிசைப்படுத்துவது. சில இடங்களில் மதிப்பெண் போட்டுக் காட்டும். தானாக நிராகரிப்பது என்பது பெரும்பாலும் விண்ணப்பத்தோடு கேட்கும் கேள்விகளால் நடக்கிறது: எத்தனை வருட அனுபவம், எதிர்பார்க்கும் சம்பளம், நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், சென்னையில் வேலை செய்யச் சம்மதமா. இவற்றை அவசரத்தில் தட்டிவிடுகிறவர்கள் நிறைய பேர். தற்போதைய ஊர் திருப்பூர் என்று மட்டும் போட்டுவிட்டு, சென்னைக்கு மாறப்போவதை எங்கும் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். அழைப்பு வராததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ‘சென்னைக்கு இடம் மாறுகிறேன், இன்ன மாதம் முதல் சேர முடியும்’ என்று முகவரி வரியிலேயே எழுதுங்கள். விளம்பரத்தில் உள்ள சொற்களை வெள்ளை எழுத்தில் ஒளித்துவைத்தால் கம்ப்யூட்டர் ஏமாறும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எழுத்தை உருவும்போது நிறம் போய்விடும், ஒளித்தது அப்படியே எங்கள் திரையில் தெரியும்.

நௌக்ரி, லிங்க்ட்இன் கணக்குகளுக்கு மூன்று வகையெல்லாம் நடக்காது. ப்ரொஃபைல் ஒன்றுதான், எல்லோரும் அதையே பார்ப்பார்கள். நௌக்ரியில் நாங்கள் தேடும்போது சொற்கள், அனுபவ வருடம், ஊர், சம்பளம், நோட்டீஸ் பீரியட் கொடுத்துத் தேடுவோம். முதலில் வருவது பட்டியல். அதில் உங்கள் தலைப்பு வரி, பதவி, முக்கியத் திறன்கள்தான் தெரியும். நீலப் பட்டை ரெஸ்யூமை அதற்குப் பிறகுதான் திறப்போம். தலைப்பு வரியில் நீங்கள் ‘நல்ல வேலை தேடுகிறேன்’ என்ற பொருளில் எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிட்டு, ‘ஏற்றுமதி மற்றும் உற்பத்தி நிறுவனக் கணக்கர், ஜிஎஸ்டி, டிடிஎஸ், ஜாப் ஒர்க் கணக்கு, டேலி பிரைம், சென்னை’ என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். கடைசியாக எப்போது உள்ளே வந்தார் என்று பார்த்தும் வடிகட்டுவோம் என்பதால், அவ்வப்போது உள்ளே போய் ஏதாவது ஒன்றைப் புதுப்பியுங்கள்.

பிரசவ விஷயத்தில் உங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம். விடுப்பில் இருந்தபோது சம்பளம் வந்தது என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ரெஸ்யூமில் ஒரே நிறுவனத்தை இரண்டாக உடைத்து, நடுவில் ஆறு மாதத்தைக் காலியாக விட்டிருக்கிறீர்கள். அது இடைவெளியே இல்லை. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்துடன் கூடிய விடுப்பு 2017 முதல் சட்டப்படி உள்ள உரிமை. அந்த நாட்களில் நீங்கள் பணியில் இருந்தவர்தான். ‘2018 முதல் இன்று வரை’ என்று ஒரே வரியாக எழுதுங்கள், விளக்கம் எதுவும் வேண்டாம். உங்களுக்கு உரிய விடுப்பை நீங்களே குறையாக எழுதிக் கொடுக்காதீர்கள். உண்மையாகவே இடைவெளி உள்ளவர்கள், காரணத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகலாம். தேதியை மட்டும் நீட்டவே கூடாது. வேலைக்கு எடுக்கும் முன் பின்னணி சரிபார்ப்பில் பி.எஃப்.புக்கான யூஏஎன் கணக்கின் பணி வரலாற்றைப் பார்க்கிறார்கள், சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் அதில் இருக்கும்.

இதோடு சேர்ந்த ஒன்று. மூன்று வகை ரெஸ்யூமிலும் பதவிப் பெயர், தேதிகள், படிப்பு, நிறுவனப் பெயர் எல்லாம் ஒரு எழுத்துக்கூட மாறக் கூடாது. ஒரே நிறுவனத்தில் இரண்டு வேலைக்கு விண்ணப்பித்தால் இரண்டும் ஒரே பெயரின் கீழ் எங்களுக்குத் தெரியும். ஒன்றில் ‘அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட்’, இன்னொன்றில் ‘சீனியர் அக்கவுண்டன்ட்’ என்று இருந்தால் அந்தப் பெயரை அதற்குப் பிறகு நம்பிப் படிக்க மனம் வராது.

ஏ.ஐ.யிடம் கொடுத்து எழுதலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, தம்பி சொல்லியிருப்பார். மூலக் கோப்பையும் விளம்பரத்தையும் கொடுத்து, ‘இதில் எந்தெந்த வரிகள் இந்த வேலைக்குப் பொருந்தும்’ என்று கேட்பது நல்ல பயன்பாடு. ஆங்கிலத்தைத் திருத்தச் சொல்வதும் சரி. முழுதாக எழுதச் சொன்னால், நீங்கள் செய்யாத வேலையையும் பளபளப்பாக எழுதித் தரும். நேர்காணலில் அந்த வரிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண், வங்கி விவரம், வாங்குபவர் பெயர் ஆகியவற்றை எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

எல்லா இடத்துக்கும் இந்த மெனக்கெடல் தேவையில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் நடக்கும் தனியார் துறை முகாம்களுக்கும் கன்சல்டன்சிகளுக்கும் தொழிற்சாலை வகை ரெஸ்யூமை அப்படியே கொண்டுபோகலாம், அதுதான் உங்களுக்கு அகலமானது. பதிவுக் கட்டணம் கேட்கும் கன்சல்டன்சியிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு போன்றவற்றில் அவர்களுடைய விண்ணப்பப் படிவம்தான் எல்லாமே, ரெஸ்யூமுக்கு வேலையே இல்லை. தோழி சொல்லும் நூறு இடம் கணக்கைப் பொறுத்தவரை, வாரத்துக்குப் பொருத்தமான ஆறேழு விண்ணப்பங்களைச் சரியாக அனுப்புவது, பொருந்தாத ஐம்பதை விடப் பலன் தரும் என்பது என் அனுபவம்.

நடுத்தர நிறுவனங்கள் பலவும் இன்னும் மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோதான் ரெஸ்யூம் வாங்குகின்றன. உங்கள் கோப்பின் பெயர் ‘நியூ ரெஸ்யூம் ஃபைனல் 2’ என்று இருக்கிறது. எங்கள் கணினியில் அதே பெயரில் எத்தனையோ இருக்கும். உங்கள் பெயரும் ‘அக்கவுண்டன்ட்’ என்ற சொல்லும் இருந்தால் போதும். மெயிலை வெறுமனே இணைப்போடு அனுப்பாமல் நான்கு வரி எழுதுங்கள்: எந்த வேலைக்கு, இப்போது என்ன செய்கிறீர்கள், விளம்பரத்தில் கேட்டதில் உங்களிடம் இருக்கும் இரண்டு முக்கிய விஷயங்கள், எப்போது சேர முடியும். ரெஸ்யூமின் சுருக்கத்தையே அங்கே ஒட்டினாலும் பரவாயில்லை.

கடைசியாக, ஒரு எக்ஸெல் தாளில் தேதி, நிறுவனம், பதவி, எந்த வகை ரெஸ்யூம் போனது, சம்பளக் கேள்விக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று குறித்து வையுங்கள். விளம்பரத்தையும் நகலெடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள், வேலை மூடியதும் அது இணையத்திலிருந்து போய்விடும். அழைப்பு சில நேரம் மூன்று வாரம் கழித்துக்கூட வரும், அதுவும் அலுவலகத்தில் நீங்கள் 3பி போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் வரும். “மாலை ஆறு மணிக்கு மேல் பேசலாமா சார்” என்று கேட்டால் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். ஆறு மணிக்கு அந்தத் தாளையும் அவர்களுக்கு அனுப்பிய கோப்பையும் திறந்து வைத்துக்கொண்டு பேசுங்கள். மூலக் கோப்பை எழுதி முடித்ததும், விரும்பினால் எனக்கு அனுப்புங்கள், அதிலிருந்து தொழிற்சாலை வகைக்கான முதல் ஆறு வரியைச் சேர்ந்தே தேர்ந்தெடுக்கலாம்.